நாம தோத்த மேட்ச்

தம்பி,

"நாங்க தோத்துட்டோம்ப்பா" என்று மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் சொன்னாய். மேட்ச் முடிந்ததும் எனக்கு மருமகளாக வரப்போகிற மரிக்கொழுந்தின் அப்பா வீட்டுக்கு எல்லாரும் போனதையும், ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றதையும் சொன்னாய். நான் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அங்கே மழையா என்று கேட்டேன். இல்லை, வெயில்தான் என்றாய். வைத்துவிட்டோம். தோற்றது எனக்கும் வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தோல்வி இரண்டு நாளில் செரித்துவிட்டது. அந்த 'நாங்க' இன்னும் செரிக்கவில்லை. யாருடா அந்த நாங்க என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நல்லவிதமாக வந்திருக்காது, என் வாய் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஆகஸ்டில் கல்யாணம், டிக்கெட் போட வேண்டும், வருகிறீர்களா இல்லையா என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்டாய். நானும் ஒவ்வொரு வாரமும் பூண்டு எடுக்கிற நேரம் என்று சாக்குச் சொன்னேன். பூண்டு எடுக்க ஆள் இருக்கிறது. நான் இழுத்துக்கொண்டிருந்ததற்கு இந்த ஒரு சொல்தான் காரணம். கிழவனுக்கு வேறு சோலி இல்லை என்று நினைப்பாய். நினைத்துக்கொள், ஆனால் முழுக்கப் படி.

உங்கம்மா இருந்தவரை போன் அவளுடையது. நீயும் அவளும் ஒரு மணி நேரம் பேசுவீர்கள். பிறகு "இந்தாங்க, பிள்ளை" என்று என் கையில் கொடுப்பாள். சாப்பிட்டாயா, குளிரா, வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்டுவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். நமக்குள் மனக்கசப்பு ஒன்றும் இருந்ததில்லை. பேச்சு அவள் வழியாகப் போய் வந்தது, அவ்வளவுதான். அவள் போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நீ மறுபடியும் ஹாலந்துக்கு விமானம் ஏறினாய். அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியமானால் தவறாமல் கூப்பிட்டாய், அதில் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் என்னிடம் இருந்தவை அந்த மூன்று கேள்விகள்தான். அவை முடிந்ததும் இரண்டு பேரும் சும்மா இருப்போம். உன் பக்கம் சைக்கிள் மணி கேட்கும். என் பக்கம் மாடு கத்தும். 'அப்புறம்ப்பா' என்பாய். 'அப்புறம் நீதான் சொல்லணும்' என்பேன். நீ வைத்த பிறகும் நான் மேற்கு ஜன்னலை விட்டு நகரமாட்டேன். இந்த வீட்டில் சிக்னல் எட்டுகிற ஒரே இடம் அதுதானே, ஏதாவது மறந்துபோய் மறுபடியும் கூப்பிட்டாயானால் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று நிற்பேன். நீ எதையும் மறந்ததில்லை.

அப்படியே ஒரு குளிர்காலம் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை உன் குரலே வரவில்லை. காற்றுதான் வந்தது. "என்னடா, தொண்டை கட்டிக் கெடக்கு" என்று பதறிப்போய்க் கேட்டேன். காய்ச்சல் இல்லை, நேற்று ராத்திரி மேட்ச் பார்க்கப் போனேன், கத்தினதில் போய்விட்டது என்றாய். உன் விதைக் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போனார்களாம். ஹாலந்து ஃபுட்பால் என்றதும் டிவியில் வருகிற ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீ சிரித்தாய். அது வேறு, இது எங்கள் ஊர் கிளப், இரண்டாம் டிவிஷன் என்றாய். சரி, அந்த டிவிஷனிலாவது எத்தனையாவது இடம் என்றேன். கொஞ்சம் தயங்கி, கடைசிக்கு முந்தி என்றாய். அதற்கா தொண்டையைக் கிழித்துக்கொண்டாய் என்று கேட்டுவிட்டு நான் சிரித்தேன் பார், உங்கம்மா போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கே யார் சிரிக்கிறது என்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை நீ கூப்பிட்டதும் நான் குளிரா என்று கேட்கவில்லை. உங்க கிளப் என்னாச்சு என்று கேட்டேன். நீதான் திருத்தினாய். "உங்க கிளப் இல்லப்பா, நம்ம கிளப்" என்றாய்.

அந்த 'நம்ம'வைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் கதையை எனக்குச் சொன்னாய். உன் ஊரில் முன்பு இரண்டு கிளப் இருந்ததாம். ஒன்று ஆற்றங்கரைச் செங்கல் சூளைத் தொழிலாளிகளுடையது, நீலச் சட்டை. இன்னொன்று சர்ச்சைச் சுற்றி இருந்தவர்களுடையது, சிவப்பு. ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவர் கடையில் இன்னொருவர் ரொட்டி வாங்கமாட்டார்களாம். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற காலம் வந்ததும் இரண்டுக்கும் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் இரண்டையும் ஒன்றாக்கி, சண்டை வேண்டாம் என்று இரண்டு நிறத்தையும் விட்டுவிட்டு, பச்சையும் வெள்ளையும் வைத்தார்கள். ஒரே ஒரு வருடம் மேல் டிவிஷனுக்கு ஏறிப் பார்த்துவிட்டு, போன வேகத்தில் இறங்கி வந்தார்கள். அன்றிலிருந்து இரண்டாம் டிவிஷனிலேயே குடியிருக்கிறார்கள். ரொம்பக் காலத்துக்கு அதற்குக் கீழே தள்ளிவிடவும் வழி இல்லையாம், எத்தனை தோற்றாலும் அங்கேயே இருக்கலாமாம். இது ரொம்ப நல்ல டிவிஷனாக இருக்கிறதே என்றேன். பெரிய கிளப்புகளின் இளைஞர் அணிகளும் அதே டிவிஷனில் ஆடுகின்றன, அவர்கள் முதலாவதாக வந்தாலும் மேலே ஏற முடியாது, ஏனென்றால் அவர்களுடைய அண்ணன்மார் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்று சொன்னாய். அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு ஒரு வாரம் மனசு ஆறவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சட்டம். வருட ஆட்டத்தை நாலு பங்காக வெட்டி, அதில் ஒரு பங்கில் நன்றாக ஆடினவனுக்கும் மேலே போவதற்கு ஒரு வாய்ப்பு கொடுப்பார்களாமே. மற்ற மூன்று பங்கில் சொதப்பியிருந்தாலும் பரவாயில்லையாம். விவசாயம் தெரிந்தவன் எவனோ போட்ட சட்டம் அது. ஒரு போகம் விளைந்தால் போதும் என்று வருடம் முழுக்க மண்ணைக் கிண்டுகிறவனுக்குத்தான் அது புரியும்.

அப்புறம் அக்கரை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு ஏதோ வாயில் நுழையாத பேர் சொன்னாய். நான் அக்கரை என்று வைத்தேன், பிறகு நீயும் அக்கரை என்றே சொல்ல ஆரம்பித்தாய். அவர்களுடைய கிளப்புக்கும் நம்முடையதற்கும் ஏன் அப்படி ஆகாது என்று உனக்கே முதலில் விளங்கவில்லை. இரண்டு பேரும் சுமாராகத்தானே ஆடுகிறார்கள், எதற்கு மேட்ச் அன்று அத்தனை போலீஸ், எதற்கு இங்கிருந்து போகிறவர்கள் சொந்தக் காரில் போகக்கூடாது, கிளப் விடுகிற பஸ்ஸில்தான் போய் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு யாரோ சொன்னார்கள் என்று எனக்குச் சொன்னாய். பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு பெருவெள்ளம் வந்ததாம். அக்கரைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் வந்து இந்தப் பக்கத்துக் கரையை வெட்டிவிட்டு, தங்கள் ஊரைக் காப்பாற்றிக்கொண்டார்களாம். நடந்ததா கட்டுக்கதையா என்று யாருக்கும் தெரியாது என்றாய். கரையை வெட்டினானா என்று கேட்டுக்கொண்டே நான் எழுந்து நின்றுவிட்டேன். வாய்க்கால் மடைக்கு மண்வெட்டியோடு போய் நின்ற வம்சம் நாம். அவனோடு எப்படிடா சும்மா பந்து விளையாடுவது? அன்றைக்கே அவர்கள் எனக்கும் ஆகாதவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் தோற்ற செய்தி வந்தால் அன்று ஒரு டீ கூடக் குடிப்பேன்.

அந்த வருடம் நீ வந்தபோது பச்சை வெள்ளைக் கம்பளித் துண்டு ஒன்று கொண்டுவந்து என் கழுத்தில் சுற்றிவிட்டாய். இந்த மலைக் குளிருக்கு அதைவிட நல்ல மஃப்ளர் கிடையாது. அதைச் சுற்றிக்கொண்டு வெள்ளனே காட்டுக்குப் போனால், டீக்கடை காசி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது எந்தக் கட்சி, நம்ம பக்கம் இந்தக் கொடியைப் பார்த்ததில்லையே என்றான். புதுக் கட்சி, ஹாலந்தில் ஆரம்பித்தது என்றேன். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனால் பாலை ஆற்றிக்கொண்டே, உங்க கட்சி ஜெயிச்சதா என்று கேட்பான். தோற்றது என்றால், நீங்களும் கூட்டணி வைக்காமல் நின்றால் இப்படித்தான் என்பான். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில்கூட ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பொறுப்பு யார் என்று விசாரித்தார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கே நான் ஒருத்தன்தான் அந்தக் கட்சி, தொண்டனும் நான்தான், தலைவனும் நான்தான். ஆனால் தனியாக இருப்பதாக எனக்குத் தோன்றினதே இல்லை. சனிக்கிழமை மதியம் நீ போனை எடுத்து, நாம ஜெயிச்சுட்டோம்ப்பா என்றோ, நாம டிராப்பா என்றோ ஆரம்பித்துவிடுவாய்.

இந்த நாமவுக்கும் நாங்கவுக்கும் உள்ள தூரத்தை எனக்குக் காட்டினவள் உங்கம்மா. அய்யம்பாளையத்து வெயிலில் இருந்து இந்தக் குளிருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் இல்லையா, அவள் காது அதற்கென்றே தீட்டின காது. கல்யாணமாகி எத்தனையோ வருடம் கழித்து ஒருநாள், உங்க பெரிய அத்தை வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பிறகு சொன்னாள்: "உங்க அக்கா இன்னமும் என்கிட்ட நாங்க நாங்கன்னுதான் பேசுது, கவனிச்சீங்களா?" நான் கவனித்ததில்லை. நாங்க இப்படித்தான் பூண்டைப் புகையில் கட்டுவோம், நாங்க தைப்பூசத்துக்கு இப்படித்தான் நடப்போம் என்று அக்கா சொல்கிறபோதெல்லாம் இவள் வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறாள். நீ ஆறாம் வகுப்பில் கொடைக்கானல் ஹாஸ்டலுக்குப் போய் முதல் லீவுக்கு வந்தாயே, அன்று சாப்பிட உட்கார்ந்ததும், நாங்க அங்க ஸ்பூன்லதான் சாப்பிடுவோம் என்றாய். உங்கம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாருங்க, மூணே மாசம். அதுக்குள்ள நாங்க ஆயிட்டான்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், பிறகு சமையல் அறைக்குப் போய் ரொம்ப நேரம் வரவில்லை. நான் ரசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் உன்னிடம் இன்னொன்றும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாகாது. உனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். நம்ம ஊர்ப் பையன்கள் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு எஸ்டேட் மைதானத்தில் மேட்ச் ஆடப் போனபோது, நீ அழுது அடம்பிடித்ததால் உன்னையும் கூட்டிக்கொண்டு நானும் போனேன். ஒரு வாடகை ஜீப்பில் எத்தனை பேர் ஏறினோம் என்று ஜீப்புக்கே தெரியாது. போகும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாய். மேட்ச் தோற்றோம். அதே ஜீப்பில் திரும்பினோம். டிரைவர் வத்தலக்குண்டுக்காரர், நம்ம ஆளே இல்லை, மைதானத்துக்குள்ளேகூட வரவில்லை, ஜீப்பிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சும்மா கேட்டார், யார் ஜெயித்தது என்று. நீ அவர் முழங்கைப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நாம தோத்துட்டோம்ணே" என்றாய். அந்த மனுஷன் முகம் மாறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நம்மைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். கீழே இறக்கிவிடும்போது உன் தலையில் கை வைத்து, அடுத்த வாட்டி பாத்துக்கலாம் என்றார். ஒரு சொல்லால் முன்பின் தெரியாத ஆளை நம்ம ஊர்க்காரராக்கிவிட்டாய். அந்தப் பையன்தான் என்னிடம் நாங்க என்று சொன்னது.

மரிக்கொழுந்து விஷயத்தை நீ முதலில் சொன்னபோது நான் கோபப்படுவேன் என்று பயந்திருந்தாய், குரலிலேயே தெரிந்தது. மரைக்கே என்று நீ பேரைச் சொன்னதும், அது என் நாக்கில் மரிக்கொழுந்து என்று வந்து உட்கார்ந்துவிட்டது. நிலக்கோட்டைப் பூச்சந்தையே கையில் வந்த மாதிரி. சாதியா மதமா என்று கேட்பேன் என்று நீ தயாராக இருந்தாய். நான் கேட்டது ஒன்றுதான், பொண்ணு வீடு அக்கரையா இக்கரையா? இக்கரைதான்ப்பா என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளுடைய அப்பா ஹெங்க், இனிமேல் எனக்குச் சம்பந்தி, செங்கல் சூளை வம்சம் என்றாய். பச்சைச் சட்டை வந்து எத்தனையோ வருடமாகியும் அந்த மனுஷன் பழைய நீலத் துண்டோடுதான் மைதானத்துக்குப் போவாராம், பழைய சர்ச் கிளப் ஆட்களோடு பேச்சே வைத்துக்கொள்ளமாட்டாராம். பிறகு ஒரு மேட்ச்சில் அக்கரைக்காரர்கள் ஒரு பாட்டுக் கட்டி, நீலத்தையும் சிவப்பையும் ஒரே அடியில் சேர்த்து அசிங்கமாகப் பாடியிருக்கிறார்கள். ஹெங்க் எழுந்து நின்று பதிலுக்குக் கத்தியிருக்கிறார். பக்கத்தில் ஒரு குரல் கூடவே கத்துகிறதே என்று திரும்பிப் பார்த்தால், ரொட்டிக்கடைக்காரர், சர்ச் கிளப். அன்றைக்குத்தான் தன் வாயில் முதன்முதலாக 'நாம்' வந்தது என்று உன்னிடம் சொன்னாராம். உனக்கும் எனக்கும்கூட அக்கரைக்காரன்தானே நாமவைக் கொடுத்தான். அவனுக்கு ஒருநாள் நன்றி சொல்ல வேண்டும், ஆனால் நான் செத்தாலும் சொல்லமாட்டேன்.

மனைவியோடு வாழப்போகிற பிள்ளைக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவளை இங்கே கூட்டிக்கொண்டு வருவாய் இல்லையா, அன்று நம்ம சொந்தக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருப்பார்கள். உங்க அத்தை வந்து, நாங்க இப்படித்தான் என்று ஆரம்பிக்கும். நீயும் பழக்கதோஷத்தில் அவளைப் பார்த்து, நாங்க சின்ன வயசுல என்று கதை சொல்லத் தொடங்குவாய். பேச்சில் அவளுக்கும் உட்கார ஒரு பலகை போட்டு வைத்துக்கொண்டு பேசு. அவளுக்குப் புரியாது என்று நினைக்காதே. பாஷை புரியாதவர்களுக்குத்தான் வெளியே நிற்பது நன்றாகப் புரியும். எனக்குப் புரிந்துவிட்டது, அதனால் சொல்கிறேன்.

இந்த வருடம் நம் கிளப்புக்கு மூன்றாம் பங்கில் அதிர்ஷ்டம் அடித்தது. அந்த ஒரு போக விளைச்சலை வைத்துக்கொண்டு மேலே போகும் வாய்ப்புக்கான ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிரே யார் என்றால் அக்கரை. இரண்டு ஆட்டம், அங்கே ஒன்று, நம் ஊரில் ஒன்று. அங்கே டிரா ஆனது. மற்ற மேட்ச்சுகள் வெள்ளிக்கிழமை, நமக்கு நடுராத்திரி, நான் தூங்கிவிடுவேன். இது ஞாயிற்றுக்கிழமை, இங்கே சாயங்காலம் ஆறு மணி. வீடியோவில் கூப்பிடுகிறேன், நீங்களும் பாருங்கள் என்று நீயே சொன்னாய். நான் அன்று மதியமே மாட்டு வேலையை முடித்துவிட்டேன். குளித்து, வேட்டி மாற்றி, துண்டைச் சுற்றிக்கொண்டு, மேற்கு ஜன்னலுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். காசியும் வருகிறேன் என்றான், வேண்டாம், இது வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டேன். ஆறு மணி ஆனது. ஆட்டம் ஆரம்பித்திருக்கும், கூட்டத்தில் கை எட்டவில்லை போல என்று நினைத்தேன். பனி கீழே இருந்து ஏறி வந்து கேரட் காட்டை மூடியது. போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே பிடித்துப் பார்த்தேன், சிக்னல் இருந்தது. இடைவேளை நேரம் போனது. இருட்டிவிட்டது. நானாகக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் கோல் போடுகிற நேரமாக இருந்து உன் கவனம் சிதறிவிட்டால்? பரணில் தொங்குகிற பூண்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஊரே ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும், நாம் அதில் இல்லையே என்று நினைத்தேன். விளக்குப் போடவும் தோன்றவில்லை. உங்கம்மா இருந்திருந்தால், போய்ச் சாப்பிடுங்க, அவன் மறந்திருப்பான் என்று வெடுக்கென்று சொல்லியிருப்பாள். சொல்ல ஆளில்லாமல் நான் அங்கேயே இருந்தேன்.

மறுநாள் நீ கூப்பிட்டாய். ஸாரிப்பா, கூட்டத்தில் மறந்தே போய்விட்டது என்றாய். அது பரவாயில்லை, வயசுப் பிள்ளை, மறக்கத்தான் செய்யும். அடுத்த வாக்கியம்தான் அது. நாங்க தோத்துட்டோம். நாங்க எல்லாரும் ஹெங்க் வீட்டுக்குப் போனோம். நாங்க ஒரு வார்த்தை பேசிக்கலை. நீ யோசித்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் வலிக்கிறது. யோசித்துச் சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம். மைதானத்தில் உட்கார்ந்தது நீங்கள், தோற்றது நீங்கள், அழுதது நீங்கள். நான் ஒரு மலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஆள். இலக்கணப்படி நீ சொன்னது சரி. என்னிடம் பேசும்போது என்னைச் சேர்க்காமல் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும். நான் மறுபடியும் மழையா என்று கேட்டதற்குக் காரணம் அதுதான். பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம் என்று பட்டது.

முந்தாநாள் ஒரு போன் வந்தது. உன் நம்பர், ஆனால் நீ இல்லை. மரிக்கொழுந்து. நீ குளிக்கப் போயிருந்தாயாம், இந்தக் கிழவன் கல்யாணத்துக்கு வருகிறானா இல்லையா என்று அவளே கேட்டுவிட நினைத்தாளோ என்னவோ. நீ சொல்லிக்கொடுத்த தமிழைக் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "மாமா, நாம தோத்துட்டோம்" என்றாள். ஆமாம்மா என்றேன். "நாம அப்பா வீட்டுக்குப் போனோம். நாம மீன் சாப்பிட்டோம். நாம பேசல, மாமா, நாம அழுதோம்" என்றாள். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. மேலே பேசப் பேசத்தான் தெரிந்தது. நாம நேத்து கடைக்குப் போனோம், நாம சைக்கிள் ரிப்பேர், நாம டச்சுல இந்த 'ழ' இல்ல மாமா, ரொம்பக் கஷ்டம். நாம டச்சாம்! அவளுக்கு நாங்க என்கிற சொல்லே தெரியாது, தம்பி. அவர்கள் பாஷையில் இரண்டுக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது, நீ ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிட்டாய். அவள் சொன்ன கணக்குப்படி, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்தில் ஹெங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டுக்குப் போனேன். மீன் சாப்பிட்டேன். எல்லாரோடும் சேர்ந்து அழுதேன். உண்மையைச் சொன்னால், அன்று ஜன்னலுக்கு முன்னால் நான் கொஞ்சம் அழுதேன்தான், ஆக அதுவும் பொய்யில்லை.

வைக்கிறதுக்கு முன்னால் அவள் கேட்டாள், "மாமா, நான் தப்பா பேசுறேனா?" என்று.

"இல்லம்மா, சரியாத்தான் பேசுற" என்றேன்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் தமிழில் வேறு என்ன வேண்டுமானாலும் திருத்து, 'ழ'வைத் திருத்து, என்னை மாமா என்று சொல்வதற்குப் பதிலாகச் சில நேரம் மாமி என்கிறாள், அதைத் திருத்து. நாங்க என்ற சொல்லை மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே. அது தப்பு என்று எனக்குத் தெரியும். காலம் முழுக்க மறைத்து வைக்கவும் முடியாது, நீ சொல்லாவிட்டாலும் நம்ம சொந்தக்காரர்களைக் கேட்டு அவளே ஒருநாள் கற்றுக்கொள்வாள், கெட்டிக்காரியாகத்தான் தெரிகிறாள். அதற்குள் நான் ஒரு தரம் வந்து, சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மேட்ச் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். வெரசா டிக்கெட் போடு.

அப்பா